இன்னும் ஒரு சிட்டிகை

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. சிட்டிகைக்காரர் என்பது அவருக்கு நான் வைத்த பெயர். நீங்கள் வேறு பெயர் வைத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அவர் வந்து அதில் எதையாவது சேர்க்கத்தான் போகிறார். எந்தப் பண்டத்தையும், எந்தக் காரியத்தையும், எந்த மனிதரையும் இருக்கிறபடி இருக்க விட அவரால் முடியாது. இவர் கெடுதல் நினைப்பவர் இல்லை. அதுதான் ஆபத்து. கெடுதல் நினைப்பவரிடம் நாம் உஷாராக இருப்போம்; இவரோ நம் நன்மைக்காக முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருபவர், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிடித்தபடியே வருபவர், வந்து நம் தலைக்கு மேல் குனிந்து, "எல்லாம் சரி, இதுல மட்டும் ஒரு சிட்டிகை..." என்று ஆரம்பிப்பவர்.

ஊருக்கு நாலு பேராவது இப்படி இருப்பார்கள். அரியலூரில் இந்த ரகத்தின் உச்சம், எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த வேணுகோபால். நான் அதே கல்லூரியில் வரலாறு நடத்தியவன். அவர் துறைக்கும் என் துறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரிலும் அவர் ஓர் ஆணி கூடுதலாக அடித்து வைத்திருந்தார்.

ஒருமுறை அவரும் நானும் திருமழபாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், திருமானூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். தர்மன் என்பவர் அங்கே கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். வேணுகோபால் ஒரு டம்ளர் கேட்டார். இஞ்சி கொஞ்சம் வைக்கச் சொன்னார். எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார். உப்பு கேட்டார். பிறகு மிளகு கேட்டார். மிளகு இல்லை என்றதும் எதிர்க் கடைக்கு நடந்து போய் வாங்கி வந்து, அவரே நுணுக்கிப் போட்டார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"கரும்பு சரியில்லப்பா," என்றார்.

தர்மன் என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

அரியலூரிலேயே அஞ்சறைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்த ஒரே வீடு அவருடையதுதான். அவர் மனைவி ரெங்கம்மாள் சாவியைத் தாலிக்கொடியில் கோத்திருந்தார். "கொழம்பு கொதிக்கும்போது இவரு சமையக்கட்டுப் பக்கம் வந்தாருன்னா எனக்கு நெஞ்சு படபடங்குதுங்க," என்று என் மனைவியிடம் சொன்னாராம். அத்தனை காவலையும் மீறி ஒருநாள் பால் பாயசத்தில் பெருங்காயம் விழுந்தது. அதை வீட்டார் மூன்று பேரும் குடித்துத் தீர்த்தார்கள் என்பது பெருங்காயத்தின் பெருமை இல்லை, ரெங்கம்மாளின் பொறுமை.

இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? சாமி சிலைக்கு எண்ணெய்க்காப்பு இடும் வேலையா? ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் வேலையா? எதையும் சேர்க்க வழியில்லாத ஏதாவது ஒரு வேலையைத்தானே கொடுக்க வேண்டும்? விதி என்ன செய்தது தெரியுமா? சிட்டிகை போடுவதையே ஒரு விஞ்ஞானமாக வைத்துக்கொண்டிருக்கும் துறையில் கொண்டுபோய் அவரை உட்கார வைத்தது.

பேரியம் டைட்டனேட் என்று ஒரு பீங்கான் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பார்வைக்கு எட்டணா அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை, அவ்வளவுதான். அதன் மேல் அழுத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து பாடும். ரெக்கார்டு பிளேயரில் ஊசிக்குப் பின்னால் இப்படி ஒரு பீங்கான்தான் இருக்கிறது. இந்தச் சாதியில் ரொம்பக் கெட்டிக்காரப் பீங்கான் ஈயம் கலந்தது. ஆனால் ஈயம் உலையில் புகையாகக் கிளம்பும், அது விஷம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இருந்தது ஒரே ஜன்னல்; அது மாணவர் விடுதியின் சமையலறையைப் பார்த்துத் திறந்தது. ஆகவே எங்கள் கல்லூரியில் ஈயம் கூடாது என்று முடிவாயிற்று. வேணுகோபால் வாழ்க்கையில் எதையாவது சேர்க்காமல் விட்டார் என்றால், அது அந்த ஈயம் ஒன்றுதான்.

ஈயமில்லாத பீங்கான் கொஞ்சம் மந்தம். அதைச் சுறுசுறுப்பாக்க ஒரு வழி உண்டு. அரைக்கும்போதே பேரியம் இருக்கும் இடத்தில் துளி கால்சியத்தையும், டைட்டானியம் இருக்கும் இடத்தில் துளி ஜிர்கோனியத்தையும் உட்கார வைக்க வேண்டும். அளவு சரியாக விழுந்தால் வில்லை முன்னைவிட நன்றாகப் பாடும். அளவு தப்பினாலோ, ஆகாத சரக்கு விழுந்தாலோ, உள்ளதும் போகும். இதற்காகத்தான் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருந்தது, மூச்சுப் பட்டாலே முள் ஆடும். வேணுகோபால் அதைத் தொடுவதே இல்லை. "என் வெரலே தராசுங்க," என்பார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்து மாட்டியவள் செங்கமலம்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஊர். அவள் அம்மா முத்தாயி அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கியவர். பிறகு சொந்தமாகக் கொட்டை உடைத்து விற்கும் தொழில் வைத்துக்கொண்டவர். கொட்டை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசிந்து கையைச் சுட்ட பாலின் தழும்போடுதான் மகளை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தார். செங்கமலம் எங்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். வருஷா வருஷம் ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி, ஜூனில் மனசிருந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள். நிரந்தர இடம் ஒன்று வரப்போகிறது, டாக்டர் பட்டம் இருந்தால் அது உனக்கு என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவள் அந்த உலை முன்னால் வெந்துகொண்டிருந்தாள்.

வந்த இரண்டாம் வருஷமே அவளுக்கு வில்லை சரியாக வந்துவிட்டது. தராசில் நிறுத்து, உரலில் அரைத்து, கரண்ட் போகாத நாள் பார்த்துச் சுட்டு, தந்த நிறத்தில் எடுத்தாள். அதில் ஒன்றை ஒரு தகரத் தட்டில் ஒட்டி, ஆசிரியர் அறைக் கதவு மேல் பொருத்தினாள். பியூன் செல்லக்கண்ணு அதுவரை எங்களை வகுப்புக்குக் கைதட்டித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கினார். கீச்சென்று ஒரு சத்தம், பக்கத்துக் கட்டடம் வரை கேட்கும். மழைக்காலம், வெயில்காலம், எதிலும் அது ஓய்ந்ததில்லை.

ஆராய்ச்சி முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். செங்கமலமும் அப்படித்தான் நினைத்தாள். எழுதியதைக் கொண்டுபோய் வேணுகோபால் மேஜையில் வைத்தாள்.

"பிரமாதம்மா," என்றார். "இதுல கொஞ்சம் மாங்கனீஸ் போட்டுப் பார்த்துட்டா முழுசாயிடும்."

போட்டார்கள். வில்லை பாடியது, முன்னைவிட மெதுவாக. கோபால்ட் போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டார்கள். இன்னும் மெதுவாகப் பாடியது. இரும்பு போட்டார்கள். பிறகு ஒருநாள், அரியலூரில் பிறந்துவிட்டுக் கால்சியத்தைக் கடையில் வாங்குவதா என்று ரோஷம் வந்து, சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை லாரிக்காரரிடம் கேட்டு வாங்கிவந்து இடித்துப் போட்டார். அந்த வில்லை உலைக்குள்ளேயே இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "அடிப்படையில ஏதோ கொஞ்சம் குறையுது." எது குறைகிறது என்று அவருக்குத் தெரியாது. குறைகிறது என்பது மட்டும் தெரியும். இந்த ரகத்தின் ஞானம் முழுவதும் அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. ஒரு மத்தியானம் முத்தாயியே ஜெயங்கொண்டம் பஸ் பிடித்துக் கிளம்பி வந்துவிட்டார். மடியில் முந்திரிப் பருப்புப் பொட்டலம். ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சார், எம்பொண்ணு படிப்பு எப்பங்க முடியும்?"

"முடிஞ்சாச்சும்மா," என்றார் வேணுகோபால். "இன்னும் ஒரே ஒரு சிட்டிகை."

"போன தீவாளிக்கும் இதத்தானே சார் சொன்னீங்க."

"அது வேற சிட்டிகைம்மா."

முத்தாயி மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்தார். "நீங்க பெரியவங்க, நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க. ஆனா சட்டி அடுப்பு மேலயே இருந்தா, பசிச்சவ எப்பங்க சாப்புடுறது?" என்றார். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வேணுகோபால் அதைப் பிரித்து இரண்டு பருப்பை வாயில் போட்டு மென்றார். லேசா வறுத்திருக்கலாம் என்றார்.

கடைசியில் பல்கலைக்கழகமே தலையிட்டது. பதிவுக் காலம் முடியப் போகிறது, கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் வீண் என்று ஓலை வந்த பிறகு வேணுகோபால் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள் ஒரு காற்புள்ளியும் சேர்த்தார். சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வாய்மொழித் தேர்வுக்கு வருவதாக ஏற்பாடு. அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: புதிதாகச் சுட்ட வில்லை ஒன்றை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, உயர் மின்னழுத்தம் கொடுத்து, தன் கண் முன்னால் உயிரூட்டிக் காட்ட வேண்டும். சுட்டு எடுத்த வில்லை சும்மா கிடக்கும் பீங்கான். இப்படி உயிரூட்டினால்தான் அது பாடும்.

செங்கமலம் பழைய அளவுப்படியே பொடியை அரைத்துச் சீசாவில் வைத்தாள். அதை வில்லையாக அழுத்திச் சுட வேண்டியதுதான் பாக்கி. வகுப்பு இருந்தது, போய்விட்டு வந்தாள். அழுத்தினாள், சுட்டாள், உலை ஆறும்வரை காத்திருந்தாள். தேர்வாளர் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிய காலையில் உலையைத் திறந்தாள்.

வில்லைகள் எல்லாம் நீலமாக இருந்தன. தந்த நிறத்தில் வரவேண்டியது, கருநீலமாக, ரேஷன் கடை மண்ணெண்ணெய் போலக் கிடந்தது.

நான் அப்போது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே நான் எழுந்து நின்றேன்.

"சார், பொடியில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலயேம்மா," என்றார் வேணுகோபால். "ஒரு சிட்டிகை லாந்தனம். அவ்வளவுதான்."

கவனியுங்கள், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை அவர் கணக்கில் ஒன்றுமில்லை. நாம் மூச்சு விடுவதை யாராவது கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்றுதானே சொல்வோம்? அதேதான்.

லாந்தனம் ஒரு துளி விழுந்தால் இந்தப் பீங்கான் மின்சாரத்தைத் தன்னுள் ஓட விட்டுவிடும் என்று செங்கமலம் சொன்னாள். அழுத்தம் கொடுத்தால் தாங்காது, உயிரூட்டவே முடியாது என்றாள். "நீலம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "புதுக் குணம் ஏதாவது வரும். தைரியமா காட்டு."

தேர்வாளர் வந்தார், காப்பி குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வேண்டாம் என்றாள். துறைத் தலைவர் வில்லையைத் தானே எடுத்து எண்ணெய்க்குள் இறக்கினார். மின்னழுத்தக் குமிழைத் திருகினார். முழுசாகத் திருகி முடிக்கவில்லை, டப் என்று ஒரு சத்தம். துறை முழுக்க விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. எண்ணெயிலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செல்லக்கண்ணு ஓடிப்போய் ஃப்யூஸ் போட்டார். விளக்கு வந்தபோது செங்கமலம் அறையில் இல்லை. அவள் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கதவு மேலிருந்த தகரத் தட்டைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து வருஷமாக எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வில்லையை அவள் தேர்வாளர் முன் வைத்தாள். அவர் அதில் கம்பிகளை மாட்டி, பென்சில் முனையால் தட்டினார். கருவியின் திரையில் கோடு துள்ளியது. மறுபடி தட்டினார், மறுபடி துள்ளியது. மின்சாரம் கொடுத்தார். கீச்சென்று கத்தியது. வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் பழக்க தோஷத்தில் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இதுல என்ன சேர்த்திருக்கீங்க?"

"கால்சியமும் ஜிர்கோனியமும் சார். நிறுத்துப் போட்டது."

"வேற?"

"வேற ஒண்ணும் சேர்க்கலைங்க."

பட்டம் கிடைத்தது. அன்று சாயங்காலம் செல்லக்கண்ணு தன் செலவில் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார். வேணுகோபாலும் சாப்பிட்டார். சந்தோஷமாகவே இருந்தார். இந்த ரகத்துக்கு வெட்கம் கிடையாது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இவரைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டேன். சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நிரந்தர இடத்துக்குத் தேர்வுக் குழு கூடியது. கல்லூரிச் செயலாளர் தலைமை. ஆசிரியர் பிரதிநிதி என்று மேஜையின் ஓரத்தில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பெரம்பலூர் பக்கத்து இளைஞர். அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. இன்னொருத்தி செங்கமலம். செயலாளர் அவசரத்தில் இருந்தார், வாசலில் கார் கிளம்பத் தயாராக நின்றது. வேணுகோபாலைப் பார்த்து, "உங்க பொண்ணு எப்படி சார்?" என்றார்.

"தங்கம் சார்," என்றார் வேணுகோபால். மனதாரச் சொன்னார். "நான் பார்த்த மாணவர்கள்லயே இவதான் முதல். உழைப்பாளி. ஒழுங்கான பொண்ணு."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வாயை மூட ஒரு நொடிதானே ஆகும்? நான் அவர் விரல்களைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஆனா..." என்றார்.

செயலாளர் பேனாவைத் தூக்கினார். "ஆனா?"

வேணுகோபாலிடம் அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனா என்று போட்டுவிட்டாரே தவிர, எதற்குப் போட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "ஒண்ணுமில்ல சார். இன்னும் கொஞ்சம் பக்குவப்படணும்," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பக்குவம் என்றால் என்ன, எந்த வகையில் என்று கேட்டேன். "வரலாறு சார், இது பிசிக்ஸ் விஷயம்," என்று செயலாளர் கையைக் காட்டி என்னை அடக்கினார். இடம் பெரம்பலூர் இளைஞருக்குப் போயிற்று. கார் கிளம்பிற்று.

வெளியே வந்ததும் வேணுகோபால் என் தோளைத் தொட்டார். முகம் வாடியிருந்தது. "நான் நல்லாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல எனக்கு அன்றுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

செங்கமலம் யாரிடமும் சண்டை போடவில்லை. தேர்வுக்குப் பிறகு கதவு மேல் திரும்ப மாட்டியிருந்த அந்த வில்லையை, ஸ்டூலில் ஏறிக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேணுகோபால் அந்த இடத்தில் தாமே தயாரித்த ஒன்றைப் பொருத்தினார். அதில் எத்தனை சரக்கு இருந்தது என்று அவருக்கே கணக்கில்லை. செல்லக்கண்ணு பொத்தானை அமுக்கிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். பிறகு பழையபடி கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் வேணுகோபாலும் நின்றிருந்தோம். முந்திரி மூட்டையோடு முத்தாயி எதிரே வந்தார்.

"என்னம்மா, பொண்ணு எப்படி இருக்கு?" என்று இவரே வலியப் போய்க் கேட்டார்.

"நல்லா இருக்குங்க. ஓசூர்ல ஒரு கம்பெனியில இந்த வில்லை செய்யுற எடத்துலயே வேலை. அதுக்குக் கீழ பத்துப் பேரு."

வேணுகோபால் தலையை ஆட்டினார். மேலும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. பொறுக்க முடியாமல் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆனா?"

முத்தாயி மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். "ஆனா கீனால்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றார். "நல்லா இருக்கு." ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே போனார்.

ஒரு வாக்கியத்தை அதற்குரிய இடத்தில் முடிக்கத் தெரிந்த அம்மாள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். வேணுகோபாலைக் கண்டு நன்றாகச் சிரித்திருப்பீர்கள், உங்கள் மாமனாரை நினைத்திருப்பீர்கள், ஆபீஸில் ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். வரட்டும். இப்போது இதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றுதானே? சொல்லுங்கள், எனக்குச் சந்தோஷம். அதோடு வாயை மூடிக்கொள்ள முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டதென்றால், தயவுசெய்து குனிந்து உங்கள் வலது கையின் முதல் இரண்டு விரல்களை ஒருமுறை பாருங்கள்.